கஃப்ர் ஷூஷாவில் வண்டி நின்ற காரணம்

எங்கள் ஊர் ரயில் நிலையத்தை மூடவைத்தவர் உஸ்தாஸ் மிஸ்பாஹ். ஊர்மேல் அவருக்குப் பகை ஒன்றுமில்லை. பெருமை பிடித்து ஆட்டியது, அவ்வளவுதான்.

மிஸ்பாஹ் தன்தா நகரத்து ஆண்கள் மேல்நிலைப்பள்ளியில் சரித்திர ஆசிரியர்; உஸ்தாஸ் என்றால் ஆசிரியர் ஐயா என்று அர்த்தம். நானும் தன்தாவில்தான் நிலப்பதிவு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். கஃப்ர் ஷூஷாவிலிருந்து வெள்ளி தவிர எல்லா நாளும் காலை ஆறு நாற்பது வண்டியில் போகிறவர்கள் அறுபது எழுபது பேர் இருந்தோம். கல்லூரிப் பெண்கள், மருத்துவமனை ஆயாக்கள், நூல் ஆலைக்காரர்கள், பாலாடைக்கட்டி விற்கிற பெண்கள். அந்தப் பெண்களுக்கெல்லாம் தலைவி தஃபீதா. அவளை ஊரில் உம் ஹம்தி, அதாவது ஹம்தியின் தாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் தலையில் பாலாடைக்கட்டித் தட்டு, இடுப்பில் கை, வாயில் கத்தி.

நிலையம் என்று சொன்னால் பெரிய வார்த்தை. இரண்டு பெட்டி நீளத்துக்கு ஒரு நடைமேடை. மீதிப் பெட்டிக்காரர்கள் குதிக்க வேண்டியதுதான். ஒரு பெஞ்சு. எப்போதோ டிக்கெட் கொடுத்த ஓர் அறை. அதில் ரயில்வே கேட்காரர் ஷெஹாத்தா வெங்காயம் காயப்போட்டிருந்தார். பெயர்ப்பலகையில் துரு தின்றது போக ‘ஷூ’ மட்டும் மிச்சம்.

இந்த நிலையம் எப்படி வந்தது என்பது ஊருக்கே தெரியும். எழுபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பயூமி என்று ஓர் எஞ்சின் ஓட்டுநர் இருந்தார். எங்கள் ஊரில் பெண் எடுத்தவர். மாமியார் செய்கிற ஃபதீர் ரொட்டி, அடுக்கடுக்காக நெய் வழிய இருக்கும். பயூமி தினமும் காலையில் வயலோரமாக வண்டியை நிறுத்துவார். மாமியார் ரொட்டியும் தேனும் பழைய பாலாடைக்கட்டியும் கொண்டுவருவாள். அவர் சாப்பிட்டுக் கை துடைக்கிற நேரத்தில் நாலு பேர் ஏறிக்கொண்டார்கள். பிறகு நாற்பது பேர். பயூமி ஓய்வு பெற்ற பிறகும் வண்டி நின்றது. ஏன் நிற்கிறது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஐம்பதுகளில் வேறேதோ ஊருக்குப் போகவேண்டிய சிமெண்ட் மூட்டைகள் தவறிப்போய் இங்கே இறங்கின. அதில் நடைமேடை எழும்பியது. ஏதோ தப்புக்குத் தண்டனையாக ஒரு டிக்கெட் குமாஸ்தாவை இங்கே அனுப்பினார்கள். எந்தப் பட்டியலிலும் இந்த ஊர் இல்லாததால் அவரைத் திரும்ப மாற்ற வழி தெரியாமல், அவர் இங்கேயே தலை நரைத்து இறந்தார்.

இந்தக் கதை மிஸ்பாஹுக்குப் பிடிக்கவில்லை. பயூமியின் மாமியார் தஃபீதாவின் குடும்பத்துப் பெண் என்பதால் இன்னும் பிடிக்கவில்லை. ஒருநாள் வண்டியில் எல்லோரும் கேட்க அவர் சொன்னார்:

“சரித்திரம் அடுப்புல இருந்து வராது, உம் ஹம்தி. ஒரு ஸ்டேஷன்னா பின்னால ஒரு போராட்டம் இருக்கும், ஒரு பாஷா கையெழுத்து இருக்கும்.”

“பாஷா கையெழுத்த வச்சு ரொட்டி சுட முடியுமா உஸ்தாஸ்? பசிச்சவனுக்குத்தான் பிரேக்கு பிடிக்கத் தோணும்.”

பெட்டி முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புத்தான் வினையாயிற்று. மிஸ்பாஹ் அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி, ‘கஃப்ர் ஷூஷா ரயில் நிலையம்: முக்கால் நூற்றாண்டுப் பெருமை’ என்று தலைப்பெழுதினார். ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த உழவர்கள், தண்டவாளத்தில் படுத்த இளைஞர்கள், மனமிளகிய பிரபுவான ஒரு பாஷா எல்லாரும் அதில் வந்தார்கள். நாற்பது பக்கம் ஆனது. ஆதாரம் மட்டும்தான் பாக்கி. அதற்காக ரயில்வே அலுவலகம் ஒன்றுக்கு முத்திரை ஒட்டிக் கடிதம் போட்டார்: எங்கள் நிலையத்தின் திறப்பு உத்தரவின் நகல் வேண்டும், எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு மேலதிகாரி ஒருவர் வர வேண்டும்.

“உஸ்தாஸ், தூங்குற நாய எதுக்கு எழுப்பணும்? வண்டி நிக்குது. நிக்கட்டும்” என்று ஷெஹாத்தா ஒரு தரம் சொல்லிப் பார்த்தார்.

“நீங்க வெங்காயத்தைப் பாருங்க” என்றார் மிஸ்பாஹ்.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. மிஸ்பாஹ் உறையை வீட்டில் பிரிக்கவில்லை. அத்தனை பேரும் கூடியிருக்கும்போது நடைமேடையில் பிரிக்க வேண்டும் என்று மறுநாள் காலைவரை காத்திருந்தார். புது டை. ஷெஹாத்தாவிடம் சொல்லி எல்லோருக்கும் தேநீர். பெஞ்சின் மேல் ஏறி நின்று உறையைக் கிழித்து உரத்த குரலில் படிக்கத் தொடங்கினார்.

“மேற்படி பெயருள்ள நிலையம் குறித்து ஆவணங்களைத் துருவித் தேடியதில்...” என்று கம்பீரமாக ஆரம்பித்தவர், “அப்படி ஒரு நிலையம் எக்காலத்திலும் இருந்ததில்லை எனத் தெரியவருகிறது” என்று முடித்தபோது குரல் பாதியாகியிருந்தது.

“மேல படிங்க” என்றாள் தஃபீதா.

அவர் மடிக்கப் பார்த்தார். ஓர் ஆயா கையிலிருந்து வாங்கி என்னிடம் கொடுத்தாள். நான் படித்தேன். குறிப்பிட்ட இடத்தில் அனுமதியின்றி வண்டியை நிறுத்திச் சிற்றுண்டி அருந்தியதற்காக ஓட்டுநர் பயூமி ஒன்பது வருஷத்தில் நாற்பத்தொரு முறை தண்டிக்கப்பட்டார் என்பதைத் தவிர இந்த இடத்தைப் பற்றி வேறு தகவல் இல்லை. இல்லாத நிலையத்தில் வண்டி நின்றுவருவதைக் கவனத்துக்குக் கொண்டுவந்த ஆசிரியர் அவர்களுக்கு நன்றி. அடுத்த திங்கள் முதல் எந்த வண்டியும் அங்கே நிற்காது.

தேநீர் கிளாஸ்கள் கையிலேயே இருந்தன. தஃபீதா மட்டும், “நாப்பத்தோரு தரம் தண்டனை வாங்கியும் விடலையே! அப்பவே ரொட்டி அப்படித்தான்” என்றாள். பிறகு மிஸ்பாஹைப் பார்த்தாள். அவர் பெஞ்சிலிருந்து இறங்க மறந்து நின்றுகொண்டிருந்தார்.

திங்கள்கிழமை எல்லோரும் வழக்கம்போல வந்து நின்றோம். எழுபத்தைந்து வருஷப் பழக்கத்தை ஒரு காகிதம் மாற்றிவிடுமா என்ற நம்பிக்கை. காகிதம் மாற்றிவிட்டது. ஆறு நாற்பது முழு வேகத்தில் போனது. ஓட்டுநர் வனீஸ் எங்களுக்குப் பதினெட்டு வருஷப் பழக்கம். அவர் ஜன்னலில் கையை விரித்துக் காட்டியபடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். காற்றில் தஃபீதாவின் கட்டித்தட்டுத் துணி பறந்து வாய்க்காலில் விழுந்தது.

அடுத்த நிலையம் வாய்க்கால் கரையோடு ஆறு கிலோமீட்டர். மழைக்காலச் சேற்றில் ஒன்றரை மணி நேர நடை. என் அலுவலகத்தில் எட்டு மணிக்கு வருகைப் பதிவேட்டை மூடிவிடுவார்கள். இரண்டே வாரத்தில் எனக்கு மூன்று எச்சரிக்கை. கல்லூரிப் பெண்களில் இருவரை அப்பாக்கள் வீட்டோடு நிறுத்திவிட்டார்கள். ஓர் ஆயாவுக்கு வேலை போனது. பாலாடைக்கட்டி வழியிலேயே புளித்தது. மிஸ்பாஹ் வீட்டுச் சுவரில் யாரோ கரியால் எழுதினார்கள்: ‘முக்கால் நூற்றாண்டுப் பெருமை’. அவர் அழிக்கவில்லை. அழித்தால் தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

அவர் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பதினோரு மனு எழுதினார். பத்துக்குப் பதிலே இல்லை. பதினோராவதற்கு வந்தது: இல்லாத நிலையத்தைப் பற்றிய மனுவை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது எனத் தெரியாததால் திருப்பி அனுப்பப்படுகிறது.

மூன்றாவது வாரம், தஃபீதாவின் எருமை சுக்கரா கயிற்றை அறுத்துக்கொண்டு, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பச்சையாக இருந்த தீவனப்புல்லை நோக்கிப் போனது. பாதி வழியில் அதற்கு என்ன ஞானம் பிறந்ததோ, தண்டவாளத்தின் நடுவில் நின்று அசைபோடத் தொடங்கியது. அதே நேரம் ஆறு நாற்பது; நாங்கள் அடுத்த நிலையத்துக்கு நடக்க நடைமேடையில் கூடியிருந்தோம். எங்கள் ஊரில் பாதை அம்புபோல நேர்; வனீஸ் தூரத்திலேயே பார்த்துவிட்டு பிரேக் போட்டார். வண்டி எருமைக்கு இருபது அடி முன்னால் நின்றது. அதாவது, சரியாக நடைமேடையில்.

ஒரு நொடி எல்லோரும் எருமையைப் பார்த்தோம். அடுத்த நொடி எல்லோரும் ஏறினோம்.

“ரயீஸ், தலைவரே, மன்னிச்சிருங்க, வாயில்லா ஜீவன்” என்று தஃபீதா எஞ்சினைப் பார்த்துக் கத்தினாள்.

“ஜீவன் நல்லா இருக்கட்டும்” என்றார் வனீஸ். “பாதையில மாடு நின்னா வண்டிய நிறுத்தணும்னு விதி இருக்கு. ஸ்டேஷன் இருந்தா நிறுத்தணும்னுதான் இப்ப விதி இல்ல.”

தன்தா போய்ச் சேருவதற்குள் பெட்டியில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. எருமை தஃபீதாவுடையது. கேட்டைப் பார்த்துக்கொள்வது ஷெஹாத்தா. ஆனால் தினமும் காலையில் எருமையைத் தண்டவாளத்தில் ஏற்றி, கயிற்றைப் பிடித்து நிற்பது யார்? எல்லாத் தலையும் ஜன்னலோரம் ஒதுங்கியிருந்த மிஸ்பாஹ் பக்கம் திரும்பியது.

“நான் ஓர் ஆசிரியன்” என்றார் அவர்.

“அதான். இத்தனை வருஷம் எருமை மேய்ச்ச அனுபவம் இருக்குல்ல” என்றாள் ஒரு கல்லூரிப் பெண். அவள் அண்ணன் அவரிடம் படித்தவன்.

“உஸ்தாஸ், நீங்க மூடினீங்க. நீங்க திறக்கணும்” என்றாள் தஃபீதா. அதில் கிண்டல் இல்லை. அதனால்தான் அவரால் மறுக்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து ஆறு முப்பத்தைந்துக்கு மிஸ்பாஹ் கோட்டும் டையுமாக, ஒரு கையில் தோல்பையும் மறு கையில் எருமைக் கயிறுமாகத் தண்டவாளத்தில் நின்றார். வண்டி நின்றதும் கயிற்றை ஷெஹாத்தாவிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்து கடைசியாக ஏறுவார். ஏறினால் சும்மா விடுவார்களா? “உஸ்தாஸ், இன்னிக்கு உங்க மாணவி பாடம் ஒப்பிச்சாளா?” முதல் வாரம் அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சுக்கரா ஒருநாள் அவர் தோள்மேல் தும்மியது. அந்தக் கோட்டோடு முழு நாளும் பாடம் நடத்தினார். அவர் மனைவி கோட்டைத் தனி ஆணியில், வாசலுக்கு வெளியே மாட்டத் தொடங்கினாள்.

இரண்டாவது மாதத்தில் ஏதோ மாறியது. சுக்கராவுக்குக் காதுக்குப் பின்னால் சொறிந்தால் அசையாமல் நிற்கும் என்று கண்டுபிடித்தார். பனிக்காலத்தில் பைக்குள் அதற்கு ஒரு கட்டு புல் கொண்டுவந்தார். தாமதமாக வருகிறவர்களைத் தூரத்தில் கண்டால், எருமை நகர மறுக்கிறது என்று வனீஸுக்குக் கை காட்டி இரண்டு நிமிஷம் சேர்த்து நிறுத்திவைத்தார். வேலை போன அந்த ஆயாவை மருத்துவமனைக்குத் தானே கூட்டிப்போய், மேலாளரிடம் மன்றாடித் திரும்பச் சேர்த்துவிட்டார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆயாதான் சொன்னாள்.

வனீஸ் தினமும் அறிக்கையில் ஒரே வரி எழுதினார்: ‘பாதையில் எருமை. நான்கு நிமிடம்.’ ஐந்து மாதம் யாரும் படிக்கவில்லை. ஆறாவது மாதம் யாரோ படித்துவிட்டார்கள். ஒரு காலையில் லுத்ஃபி என்ற விசாரணை அதிகாரி காரில் வந்து இறங்கினார். கையில் கோப்பு, அளவு நாடா, புது பூட்ஸ். சேறு பூட்ஸைக் கணுக்கால்வரை வாங்கிக்கொண்டது.

“இந்த எருமை யாரோடது?”

“என்னுது, பாஷா” என்றாள் தஃபீதா.

“தினமும் சரியா ஆறு நாற்பதுக்கே ஏன் தண்டவாளத்துக்கு வருது?”

“வண்டிய ஏழு மணிக்கு விட்டுப் பாருங்க. அப்ப ஏழு மணிக்கு வருதான்னு தெரிஞ்சிரும்.”

லுத்ஃபி மிஸ்பாஹ் பக்கம் திரும்பினார். “நீங்க படிச்சவர். கோட்டு போட்டுக்கிட்டு மாட்டுக் கயிற்றைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. வெக்கமா இல்ல?”

“முதல் பத்து நாள் இருந்துச்சு” என்றார் மிஸ்பாஹ்.

“ரயில்வே இடத்துல அத்துமீறல்னு உங்க மேல வழக்குப் போடலாம், தெரியுமா?”

“போடுங்க. ‘நடந்த இடம்’னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல என்ன எழுதுவீங்க? கஃப்ர் ஷூஷா ஸ்டேஷன்னு எழுதினா, இருக்குன்னு ஆயிடும். எழுதலைன்னா வழக்கே நிக்காது.”

லுத்ஃபி பேனா மூடியைத் திறந்தார், மூடினார். இதற்கு விதிப்புத்தகத்தில் பக்கம் இல்லை. தஃபீதா அந்த இடைவெளியை வீணாக்கவில்லை. சூடான ஃபதீரும் தேனும் ஒரு தட்டில் வந்தன. அதிகாரி வேண்டாம் என்றார். அப்புறம் ஒரு துண்டு என்றார். அப்புறம் வெங்காய அறையில் உட்கார்ந்து தட்டை முடித்தார். போகும்போது அளவு நாடாவை மறந்துவிட்டுப் போனார்.

அவர் அறிக்கை என்ன சொன்னது என்று பிற்பாடு வனீஸ் மூலம் தெரிந்தது. இப்பகுதி எருமைகள் கட்டுக்கடங்காதவை. வண்டிகளின் பாதுகாப்பை முன்னிட்டு இவ்விடத்தில் ஒரு முன்னெச்சரிக்கை நிறுத்தம் அமைப்பது அவசியம். எழுபது மனிதர்கள் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. எருமை ஒன்பது இடத்தில் இருந்தது.

வசந்தத்தில் திறப்பு விழா. புதுப் பெயர்ப்பலகை, பச்சை வண்ணம், நாற்காலிகள், நாடா. நடைமேடையை மூன்று பெட்டிக்கு நீட்டினார்கள். மேலதிகாரி ஒருவர் சிறப்பு வண்டியில் வந்து, மக்களின் குரலுக்கு நிர்வாகம் எப்படி உடனுக்குடன் செவிசாய்க்கிறது என்று முக்கால் மணி நேரம் பேசினார். கல்வெட்டில் அந்த வருஷத்தையே தொடக்க வருஷமாகப் பொறித்திருந்தார்கள். உள்ளூர்ச் சரித்திர ஆசிரியர் என்ற முறையில் மிஸ்பாஹை ஐந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள்.

நாற்பது பக்க நோட்டு வரும் என்று நாங்கள் பயந்தோம். அவர் வெறுங்கையோடு மேடை ஏறினார். “இந்த ஸ்டேஷன் உம் ஹம்தி வீட்டு அடுப்புல பிறந்தது” என்று தொடங்கி, பயூமி, மாமியார், ரொட்டி, நாற்பத்தொரு தண்டனை, தவறி இறங்கிய சிமெண்ட் என்று ஒன்றையும் விடாமல் சொன்னார். “இதை மூடினது நான். திறந்தது ஓர் எருமை” என்று முடித்தார். தஃபீதா முகத்தைத் தலைத்துணியால் மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று பக்கத்திலிருந்த எனக்கே தெரியவில்லை. அதிகாரிகள் நல்ல நகைச்சுவை என்று கைதட்டினார்கள். மறுநாள் பத்திரிகையில் மேலதிகாரியின் தொலைநோக்கு வந்தது.

அன்று மாலை புதுக் கால அட்டவணையை ஒட்டினார்கள். ஓடிப்போய்ப் பார்த்தோம். கஃப்ர் ஷூஷாவில் நிற்கும் வண்டி: ஒன்று. நேரம்: காலை பதினொன்று இருபது.

“பதினொன்னு இருபதுக்கு யாருய்யா வேலைக்குப் போவா?” என்றார் ஷெஹாத்தா.

“இந்த அட்டவணைய எழுதினவன் போவான்” என்றாள் தஃபீதா.

மறுநாள் ஆறு முப்பத்தைந்துக்கு மிஸ்பாஹ் கோட்டும் டையுமாக வந்து, யாரும் சொல்லாமலே சுக்கராவை அவிழ்த்தார். இப்போது ஒரு சிக்கல். நிலையம் உண்மையாகவே இருப்பதால், அதற்கு ஒரு நிலைய அதிகாரியையும் போட்டிருந்தார்கள். பெயர் ஸாபித். இளவயது, மடிப்புக் கலையாத சட்டை. வெங்காயத்தை அப்புறப்படுத்தச் சொன்னார். நிலைய எல்லைக்குள் கால்நடை வந்தால் கடும் நடவடிக்கை என்று பலகை எழுதி மாட்டினார். மூன்றே நாளில் மிஸ்பாஹுக்கு எழுத்துமூல எச்சரிக்கையும் கொடுத்தார். மிஸ்பாஹ் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “தேதி போட மறந்துட்டீங்க” என்று திருப்பிக் கொடுத்தார்.

நான்காம் வாரம் சுக்கராவுக்கு வயிற்றுப்போக்கு. எழுந்து நிற்கவே முடியவில்லை. அன்று நாங்கள் எல்லோரும் விடியுமுன்னே கிளம்பிச் சேற்றில் நடந்தோம். ஸாபித்துக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர் வீடு எங்கள் பாதையிலேயே, தன்தாவுக்கு எதிர்த்திசையில் நான்காவது நிலையத்தில். ஏழு மணிக்கு வேலையில் இருக்க வேண்டுமானால் அவரும் ஆறு நாற்பதில்தான் வந்து இறங்க வேண்டும். அன்றைக்குத் தன் நிலையத்தை, தன் பலகையை, தன் பச்சை வண்ண அறையை ஜன்னல் வழியே முழு வேகத்தில் பார்த்தபடி கடந்தார். என்னவென்று கேட்டவரிடம், அடுத்த நிலையத்தில் ஏறிய நாங்கள் எருமைக்கு உடம்பு சரியில்லை என்றோம்; அவர் இறங்காமல் தன்தாவரைக்கும் போனார். திரும்பி வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது.

சாயங்காலம் நான் வேலை முடிந்து, அடுத்த நிலையத்திலிருந்து நடந்து வரும்போது தஃபீதா வீட்டு வாசலில் அவரைப் பார்த்தேன். பூட்ஸெல்லாம் சேறு. கையில் மாட்டு மருந்துப் புட்டி, தன்தாவில் வாங்கியது. கொட்டிலுக்குள் மிஸ்பாஹ் மண்டியிட்டுச் சுக்கராவின் தலையை மடியில் வைத்திருந்தார். கோட்டைக் கழற்றிக்கூட வைக்கவில்லை.

“எப்படி இருக்கு, உஸ்தாஸ்?” என்று கேட்டார் ஸாபித், செருமிக்கொண்டு.

“நாளைக்கு ஒருநாள் அவளால முடியாது. நாளன்னிக்கு நிப்பா.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

ஸாபித் புட்டியை நீட்டினார். மிஸ்பாஹ் வாங்கிக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து அவருக்கு வைக்கோலில் இடம் விட்டார்.